கிள்ளானுக்கு மேலே கெட்டிக் காற்று

எனக்குக் கல்யாணமான முதல் வருடத்தில், கிள்ளானுக்கு மேலே இருக்கும் காற்று உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கெட்டியாக இருந்தது. அப்படித்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆதாரம் கேட்டவர்களுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினேன். ஆதாரம் கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் தலைநகரத்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறையில் குடியிருந்தேன். கூட ஒரு நண்பன். இருவரும் ஒரே அலுவலகத்தில் நில அளவை வரைபடம் வரைபவர்கள். பகல் முழுக்க எல்லைக்கல், பாகை, பென்சில் தூள் என்றே போகும். மாலையில் அவன் கேரம் ஆடப் போவான். எனக்குக் கேரமும் வராது, சும்மா இருக்கவும் வராது. பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன அறிவிப்பு கண்ணில் பட்டது. செயற்கைக்கோள்களைப் பார்த்து நேரம் குறித்து அனுப்ப ஆள் தேவை, பூமத்திய ரேகைப் பக்கம் இருப்பவர்கள் என்றால் மிகவும் நல்லது என்று போட்டிருந்தது.

விஷயம் இதுதான். தலைக்கு மேலே முந்நூறு நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் காற்று கொஞ்சம் இருக்கிறது. எவ்வளவு என்று அங்கே போய்த் தராசு வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் செயற்கைக்கோள்களும், அவற்றை ஏற்றிவிட்டு வேலையில்லாமல் சுற்றும் ராக்கெட் கூடுகளும் அந்தக் காற்றை உரசிக்கொண்டு போகின்றன. உரசலில் அவற்றின் பாதை நாளுக்கு நாள் மாறுகிறது. மாறியது எவ்வளவு என்று தெரிந்தால் அங்கே காற்று எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு ஊருக்கு ஒருவராவது வானத்தைப் பார்த்து, எது எந்த நொடியில் எந்த நட்சத்திரத்தைத் தாண்டியது என்று எழுதி அனுப்ப வேண்டும்.

எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. எழுதிப் போட்டேன். கணக்குகளைக் கவனிக்கும் ஆய்வாளர் அம்மாள் ஒருவர் இங்கிலாந்திலிருந்து பதில் எழுதினார். கடைவீட்டு மொட்டைமாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையை நில அளவைக்காரனுக்கே உரிய திமிரோடு துல்லியமாகக் குறித்து அனுப்பினேன். அந்த மொட்டைமாடிக்கு அவர்கள் நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு படிவத்திலும் அந்த எண்ணை எழுதினால் போதும். எங்கே நின்று பார்த்தேன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் பைனாகுலர் வாங்கினேன். அது கைக்கு வந்த நாளிலிருந்து, பொழுது சாய்ந்து தரை இருட்டி, மேலே மட்டும் வெயில் மிச்சமிருக்கும் அந்த முக்கால் மணி நேரம் எனக்குச் சொந்தமானது.

அப்புறம் கல்யாணம் வந்தது. என் மனைவி, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் கிள்ளானில் நர்ஸ். தாயில்லாத ஒரே பெண். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பார் போகும் சாலையை ஒட்டி, சின்னப் பலகை வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். மருத்துவமனை பக்கம், அப்பாவைத் தனியே விடவும் முடியாது, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாமா என்று அவள் கேட்டாள். கேட்டவள் புதுப் பெண்டாட்டி. நான் என்ன சொல்வேன்? சரி என்றேன்.

சொன்ன பிறகுதான் அலுவலகத்தில் கச்சேரி ஆரம்பமானது.

"என்ன மச்சான், வீட்டோட மாப்பிள்ளையா ஆயிட்டே? சோறு நேரத்துக்குக் கெடைக்குதாலா?" என்று நண்பன் எல்லோர் முன்னாலும் கேட்டான். என் சொந்தக்காரர்களோ கேட்காமலே சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்த ஆண்பிள்ளைக்கு அரை மதிப்புதான். நானோ தொட்டால் சிணுங்குகிற ஜாதி.

"ரெண்டு மாசம்தான்டா. வீடு தேடிக்கிட்டிருக்கேன்லா" என்றேன்.

தேடவும் செய்தேன். பூச்சோங் பக்கம் ஒரு வீடு பார்த்தேன். நல்ல வீடு. தெருவிளக்கு தெற்கு வானத்தை மறைக்கிறது என்று குறை சொல்லிவிட்டுத் திரும்பினேன். உண்மையில் காப்பார் சாலை வீட்டின் பின்கட்டில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றால் மேற்கே கடல்வரைக்கும் வெளிச்சமே கிடையாது. மாமனார் வைக்கும் மீன்குழம்பும் அப்படி. மனது எப்போதோ அங்கே உட்கார்ந்துவிட்டது. வாய் மட்டும் "ரெண்டு மாசம்" என்றது.

அதனால்தான் இங்கிலாந்து அம்மாளுக்கு நான் வீடு மாறியதை எழுதவில்லை. எழுதினால் மாறியது உண்மையாகிவிடும். கடிதங்கள் வழக்கம்போல் பிரிக்ஃபீல்ட்ஸ் அறைக்கே வந்தன. நண்பன் அலுவலகத்துக்கு எடுத்து வந்து கொடுத்தான். படிவத்தில் பழைய எண். "திரும்பிப் போகத்தானே போகிறோம்" என்று நினைத்து, அப்புறம் நினைப்பதையும் விட்டுவிட்டேன்.

கிள்ளானில் வேலை களைகட்டியது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தனி ஆள். இங்கே மூன்று பேர். நான் பைனாகுலரோடு சாய்வு நாற்காலியில். ஒளிப்புள்ளி மேற்கிலிருந்து கிளம்பி, நான் குறித்து வைத்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே புகும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கி ஓட விடுவேன். உடனே அதை மாமனார் கையில் கொடுப்பேன். அவர் சமையலறை ஜன்னலில் இருக்கும் ரேடியோவில் நேர சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டு, நிமிடம் முடியும் நீள 'பீப்'பில் வாட்சை நிறுத்துவார். அந்த நிமிடத்திலிருந்து வாட்ச் காட்டுவதைக் கழித்தால் கோள் தாண்டிய நேரம். அதிலும் ஏழரை மணியைக் கழித்தால் கிரீன்விச் நேரம். அப்போது நம் நேரம் அவர்களைவிட ஏழரை மணி முன்னால் ஓடியது. "ஏழரையைக் கழிச்சாச்சா?" என்று மாமனார் தினமும் கேட்டுத் தினமும் சிரிப்பார். என் மனைவி பகல் ஷிஃப்ட் முடிந்து வந்த நாட்களில், படிவத்தை முத்து முத்தாக நிரப்புவாள். முதல் கட்டத்தில் அந்த நான்கு இலக்க எண்.

"இது என்னங்க நம்பர்?" என்று ஒரு முறை கேட்டாள்.

"அது என் நம்பர்" என்றேன். பொய் இல்லை.

அவள் சட்டென்று பிடித்துக்கொள்கிறவள். "காத்து உரசுனா வேகம் கொறையணும். நீங்க சீக்கிரம் வருதுங்கிறீங்களே?" என்று கேட்டாள்.

"உரசுனா கொஞ்சம் கீழே எறங்கும். கீழே எறங்குனா சுத்து சின்னது, வேகமும் கூடிரும். அதான் முந்தி வந்துருது."

"அப்போ எவ்வளவு முந்துதோ அவ்வளவு காத்து."

என் நண்பனுக்கு இதைப் புரியவைக்க மூன்று மாதம் பிடித்தது. கடைசியில் அவன் புரிந்ததுபோல் தலையாட்டியதும் கேரம் ஆட நேரமாகிவிட்டது என்பதால்தான்.

காற்றைப் பற்றிய முதல் கடிதம் வந்தது கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து. சூரியன் இப்போது உக்கிரமாக இருக்கும் காலம், அதனால் மேல்காற்று எங்கும் சூடேறிப் பருத்திருக்கிறது, உங்கள் எண்கள் மிகவும் உதவுகின்றன என்று அம்மாள் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: உங்கள் நிலையத்திலிருந்து பார்க்கும்போது கிழக்கே போகும் கோள்கள் எல்லாம் மூன்றரை நொடி முந்தி வருகின்றனவே, ஏன் என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தி வந்தால் காற்று அதிகம். எங்கள் தலைக்கு மேலே காற்று கெட்டி! யாரும் கண்டுபிடிக்காததை ஒரு வரைபடக்காரன் துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டான். அலுவலகத்தில் எட்டுப் பேருக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன். அதே கோள் எங்களைத் தாண்டிப் போய் மற்ற ஊர்க்காரர்களுக்கு மட்டும் எப்படிச் சரியான நேரத்தில் தெரிகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வாயெல்லாம் பல்லாகத் திரிகிறவனுக்கு யோசனை எங்கே வரும்?

அடுத்த கடிதம் அந்தப் பல்லையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ள வைத்தது. மற்ற நிலையங்களில் பிழை இல்லை, உங்களிடம் மட்டும் மூன்றரை நொடி, கடிகாரத்தைச் சரிபார்க்கவும். சூரியன் உச்சத்தில் இருக்கும் இந்தக் காலத்துக் காற்றின் அளவை அவர் தொகுத்துக்கொண்டிருக்கிறார். காரணம் தெரியாவிட்டால், வருத்தத்துடன், உங்களுடைய ஒரு வருடப் பதிவுகளையும் ஒதுக்கிவிட வேண்டியிருக்கும்.

ஒரு வருடம். கொசுக்கடியில், மழை விட்ட இடைவெளிகளில், விருந்துக்குப் போகாமல், சினிமாவுக்குப் போகாமல் சேர்த்த வருடம்.

கடிகாரம் என்றதும் என் புத்தி நேரே மாமனாரிடம் போனது. அவர் வாட்சைத் தாமதமாக நிறுத்தினால், கழிக்கும்போது கோள் முந்தி வந்ததாகத்தான் கணக்கு வரும். அறுபது தாண்டியவர். காது மந்தமாகியிருக்குமோ? ஒரு நாள் அவர் மீன் அரிந்துகொண்டிருந்தபோது, பின்னால் நின்று மெதுவாக "மாமா" என்றேன். இன்னும் மெதுவாக "மாமா" என்றேன்.

"என்ன மாப்பிள்ளை, தொண்டை கட்டிக்கிச்சா? சுக்குத் தண்ணி வைக்கட்டா?" என்று திரும்பாமலே கேட்டார்.

காது சரி, அப்படியென்றால் கை. இனிமேல் வாட்சை நானே நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அவருக்குக் காரணம் புரிந்தது. வாட்சைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, ரேடியோவை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த நாளிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அவருக்கு முன்வாசலில் ஏதாவது வேலை இருந்தது. ஏழரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"அப்பா முப்பது வருஷம் பச்சைக்கொடி காட்டுனவருங்க. அவர் நேரத்துல தப்புன்னு யாரும் சொன்னதில்ல" என்றாள் மனைவி.

"நான் தப்புன்னு சொல்லலையே."

"சொல்லியிருந்தாகூடப் பரவால்ல."

மூன்று வாரம் தனியாகவே பார்த்து அனுப்பினேன். பதில் வந்தது: அதே மூன்றரை நொடி. ஆனால் கடிகாரம் காரணம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது, என்று அம்மாள் எழுதியிருந்தார். வடக்கு தெற்காகப் போகும் கோள்கள் உங்களிடம் நேரத்தில் அவ்வளவாகப் பிசகவில்லை. பாதையை விட்டுக் கிழக்கே தள்ளிப் போவதாகத் தெரிகின்றன. எல்லாமே கிழக்கே, எல்லாமே ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். கடிகாரமோ காற்றோ இப்படிச் செய்யாது. ஆறு வாரத்தில் தொகுப்பை முடிக்க வேண்டும், உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அலுவலகத்தில், மதியச் சாப்பாடு முடிந்து, சிலாங்கூர் மாநில வரைபடம் ஒன்றை மேசையில் விரித்திருந்த நேரம். பிழை கிழக்கே இருபத்தைந்து என்றால், அதைச் சரிசெய்ய நிலையத்தை மேற்கே இருபத்தைந்து தள்ள வேண்டும். பழக்கதோஷத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் மொட்டைமாடியில் ஸ்கேலின் முனையை வைத்து மேற்கே கோடு பிடித்தேன். அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். புள்ளி கிள்ளானில் விழுந்தது. காப்பார் சாலை ஒரு விரல் அகலம் தள்ளி. இன்னும் பெரிய வரைபடமாக இருந்தால் துணிக்கொடியே தெரிந்திருக்கும். மேற்கிலிருந்து வரும் கோள் கிள்ளானைத் தாண்டி மூன்றரை நொடி கழித்துத்தான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரும்.

நாற்பது வருஷத்துக்கு முன் நட்ட எல்லைக்கல் ஒரு அடி நகர்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுகிற ஆள் நான். நான் நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை! உரக்கச் சிரித்துவிட்டேன்.

"என்னடா, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றான் நண்பன்.

"மச்சான், நான் எங்கே குடியிருக்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன்டா."

"அத எங்களக் கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்போமேலா" என்றான்.

அன்று பஸ்ஸில் கிள்ளான் போய்ச் சேரும்வரை சிரிப்பும் வெட்கமும் மாறி மாறி வந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனாரிடம் போனேன். ஸ்டாப்வாட்சை இரண்டு கையாலும் நீட்டி, "மாமா, தப்பு உங்க மேல இல்ல. என் மேல. மன்னிச்சிருங்க" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்போ டிரெயின் நேரத்துக்குத்தான் வந்திருக்கு" என்றார். "ஸ்டேஷன்தான் எடம் மாறிப் போயிருக்கு." அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை.

"அந்த நம்பர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரூமோட நம்பரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஒரு வருஷமா, தெனமும், நீங்க இங்க இல்ல, அங்க இருக்கீங்கன்னு நான் என் கையாலயே எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்படி இல்லம்மா, ரெண்டு மாசத்துல..."

"இந்த ரெண்டு மாசம் எப்பங்க முடியும்?"

அவள் மேசைமேல் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்துக்கொண்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் கோபிக்கவில்லை. மனம் நொந்து போயிருந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. யாரோ நான்கு பேர் சிரிப்பார்கள் என்று, என்னை உண்மையாகவே வைத்துக்கொண்ட வீட்டில் வருடம் முழுக்க விருந்தாளியாக நடித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் கடிதம் எழுத உட்கார்ந்தேன். புது நிலையத்துக்கான படிவத்தைப் பழைய காகிதக் கட்டிலிருந்து தேடி எடுத்தேன். துணிக்கொடிக் கம்பத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அலுவலக வரைபடத்தில் இரண்டு தடவை அளந்து வைத்திருந்தேன். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் தேதியில்தான். எந்த நாளிலிருந்து கிள்ளான்? கல்யாணமான புதிதில், வேலை நாட்களில் பிரிக்ஃபீல்ட்ஸ் அறையில் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருவேன். பைனாகுலர் அங்கேயே இருந்தது. அதை எப்போது கொண்டுவந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. தேதி தவறினால் சரியான பதிவுகளையும் சேர்த்துத் திருத்திக் கெடுத்துவிடுவார்கள். நானோ எதையும் நிரந்தரம் என்று நினைக்காததால் எங்கும் குறித்து வைக்கவில்லை.

பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்ன வேணும்?" என்றாள். சொன்னேன்.

உள்ளே போய், ஷிஃப்ட் நேரம் எழுதி வைக்கும் பழைய டயரி ஒன்றை எடுத்து வந்தாள். புரட்டித் தேடவில்லை, பக்கம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கல்யாணமாகி நாப்பத்தோராவது நாள். வியாழக்கெழமை. நல்ல மழை. பஸ்ஸவிட்டு எறங்கும்போது நீங்க தொப்பலா நனைஞ்சிருந்தீங்க. பைனாகுலர மட்டும் சட்டைக்குள்ள வச்சு நனையாமக் கொண்டாந்தீங்க. மழை விட்டதும் பின்னாடி நாக்காலி போட்டு ஒண்ணு பாத்தீங்க." டயரியை என் பக்கம் திருப்பினாள். அந்தத் தேதியில், ஷிஃப்ட் நேரத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரே வரி இருந்தது: 'இன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்தார்.'

படிவத்தை அவள் முன்னாலேயே நிரப்பினேன். தற்காலிக நிலையமா, நிரந்தர நிலையமா என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். நிரந்தரம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

"அழுத்திப் போடுங்க, கார்பன் காப்பியிலயும் விழணும்" என்றாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

பதில் ஐந்தாம் வாரம் வந்தது, முதல் முறையாகக் கிள்ளான் விலாசத்துக்கு. தபால்காரரிடம் கைநீட்டி வாங்கியவர் மாமனார். பிரித்துப் படித்தவள் என் மனைவி. பதிவுகள் அத்தனையும் தொகுப்பில் சேர்ந்துவிட்டன. கிள்ளானுக்கு மேலே உள்ள காற்று, சொல்ல வருந்துகிறேன், மற்ற ஊர்க் காற்றைப் போலத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே அம்மாள் இப்படி எழுதியிருந்தார்: நீங்கள் கொடுத்த தேதியைக் கணக்கில் வைத்துப் பார்த்தோம். அதற்கு முந்தைய நாள்வரை உங்கள் பதிவுகளில் பிழையே இல்லை. சரியாக அந்த வியாழக்கிழமை மாலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு டயரியைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தில் கடிதத்தை மடித்து வைத்தாள்.

"மாப்பிள்ளை, ரேடியோ வச்சாச்சு" என்று பின்கட்டிலிருந்து குரல் கேட்டது.